மணல்மேட்டில் ஒரு பேரேடு

பாலைவனத்து அரசர்கள் – 17: அபுசிர்

கீசாவில் கூஃபுவின் பிரமிடை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இந்த வாரம் ஓய்வு. அபுசிரில் அண்ணாந்து பார்க்க அதிகம் இல்லை. கீசாவுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சக்காராவுக்குப் போகும் வழியில், பேரீச்சந்தோப்பு முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் மூன்று கற்குவியல்கள் நிற்கின்றன. கூர்முனை கிடையாது, வழவழப்பான பக்கங்கள் கிடையாது. யாரோ லாரியில் கொண்டுவந்து ஜல்லி கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். அவற்றுக்குத் தென்மேற்கே தாழ்வான மணல்மேடு ஒன்று. அதுவும் ஓர் அரசனின் கல்லறைதான்.

சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. ஆனால் பிரமிடைப் பற்றி நமக்கு உண்மையாகவே தெரிந்த விஷயங்களில் பாதி இந்தச் சரிந்த குவியல்களிலிருந்து வந்தவை. கூஃபுவின் கோயிலில் தினமும் என்ன நடந்தது, யார் விளக்கேற்றினார்கள், யார் வாசலில் காவல் நின்றார்கள் என்று கேட்டால் கீசா வாய் திறக்காது. அபுசிர் ஒரு பட்டியலையே எடுத்து நீட்டும்.

கதை ஐந்தாம் வம்சத்தில் தொடங்குகிறது. கி.மு. 2500க்குச் சற்றுப் பின். மென்காவ்ரே காலத்திலேயே பிரமிடின் உயரம் 146 மீட்டரிலிருந்து 65 மீட்டராகச் சுருங்கிவிட்டதைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். ஐந்தாம் வம்சத்து அரசர்கள் அந்தப் போட்டியிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டார்கள். பணத்தையும் ஆளையும் வேறொன்றில் போட்டார்கள். முதல் அரசன் உசெர்காஃப் தன் பிரமிடைச் சக்காராவில் கட்டிக்கொண்டாலும், சூரியக் கடவுள் ராவுக்கென்று தனிக் கோயில் ஒன்றை அபுசிரின் வடபுறத்தில் எழுப்பினான். அதுவரை எந்த அரசனும் செய்யாத காரியம் இது. அவனுக்குப் பின் வந்தவர்களும் ஆளுக்கொரு சூரியக்கோயில் கட்டினார்கள். மொத்தம் ஆறு என்று எழுத்துச் சான்றுகள் சொல்கின்றன. தரையில் உறுதியாக அடையாளம் கண்டவை இரண்டே: உசெர்காஃபுடையது, நியூசெர்ரேயுடையது.

நியூசெர்ரேயின் சூரியக்கோயில் அபுசிருக்குச் சற்று வடக்கே அபு குராப்பில் இருக்கிறது. அதன் முற்றத்து நடுவே கிடக்கும் பலிபீடத்தை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். பால் நிற அலபாஸ்டர் கல். நடுவில் வட்டம், அதைச் சுற்றி நான்கு திசைக்கும் நான்கு கற்கள். ஒவ்வொன்றும் பாயின்மேல் ரொட்டி வைத்த ‘படையல்’ என்ற எழுத்துக் குறியின் வடிவில் செதுக்கப்பட்டது. மேலே கூரை இல்லை. பின்னால் நின்ற பெரிய தூபியும் இடிந்துபோயிற்று. பீடம் மட்டும் நான்காயிரத்து நானூறு ஆண்டு வெயிலுக்கும் அசையாமல் கிடக்கிறது.

பிரமிடை முதலில் அபுசிருக்குக் கொண்டுவந்தவன் சாஹுரே. உசெர்காஃபுக்கு அடுத்த அரசன். அவன் பிரமிடு 47 மீட்டர் உயரம்தான். கூஃபுவுடையதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கிழக்குப் பக்கம் ஒட்டியிருந்த ஈமக்கோயிலைக் கட்டிய விதம் வேறு ரகம். கறுப்புப் பசால்ட் தளம், பேரீச்ச மர வடிவில் செதுக்கிய செந்நிறக் கிரானைட் தூண்கள், சுவரெல்லாம் வண்ணம் தீட்டிய புடைப்புச் சிற்பங்கள். சிற்பங்கள் சுமார் 10,000 சதுர மீட்டர் பரப்பில் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. எஞ்சியிருப்பது ஏறத்தாழ 150 சதுர மீட்டர்.

மீதி எங்கே போயிற்று? சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று. நல்ல சுண்ணாம்புக்கல் எரித்தால் நல்ல சுண்ணாம்பு. பின்வந்த நூற்றாண்டுகளில் இங்கே கல் உடைத்தவர்களுக்கு, அந்தக் கல்லில் ஒரு கப்பல் செதுக்கியிருக்கிறதா, ஓர் அரசனின் முகம் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல.

தப்பிய துண்டுகளே போதும், அது எப்படிப்பட்ட கோயில் என்று புரிந்துகொள்ள. கடலோடும் கப்பல்கள் சிரியக் கரைப்பக்கம் போய்த் திரும்புகின்றன. அந்நாட்டு மக்கள் மேல்தளத்தில் நின்று கையை உயர்த்தி அரசனை வாழ்த்துகிறார்கள். வடக்கத்திக் கரடிகள் கழுத்தில் கயிறோடு வருகின்றன. கோயிலுக்கு ஏறிவரும் மூடுபாதையின் சுவர்ச் சிற்பங்கள் வெகுகாலம் மணலுக்குள் கிடந்தன. எகிப்தியத் தொல்லியல் துறையினர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை எடுத்தபோது பூன்ட் தேசத்துப் பயணம் வெளிப்பட்டது. பூன்ட் என்பது செங்கடலின் தென்கோடிப் பக்கம், வெள்ளைப்போளப் பிசின் விளையும் நாடு. கப்பலில் பிசின் மூட்டைகளோடு உயிருள்ள மரங்களையே கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு சிற்பத்தில் சாஹுரேயே கையில் வாய்ச்சியோடு அந்த மரத்தருகே நிற்கிறான். அவன் ஆட்சியில் பூன்டிலிருந்து 80,000 அளவை வெள்ளைப்போளம் வந்ததாக, பழைய அரசர்களின் ஆண்டுக் குறிப்பான பலெர்மோ கல்வெட்டும் சொல்கிறது.

இந்தச் சிற்பங்கள் ஒரு குடும்ப வழக்கையும் தீர்த்துவைத்தன. அடுத்து ஆண்ட நெஃபரிர்காரே, சாஹுரேயின் தம்பி என்று நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கிடைத்த கற்களை ஆராய்ந்த தாரெக் எல்-அவாதி, சாஹுரேயின் மகன் ரானெஃபர்தான் பிறகு அந்தப் பெயரில் அரசனானான் என்று காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது சிற்பமல்ல, சாக்கடை. 1902 முதல் 1908 வரை இங்கே தோண்டிய ஜெர்மானியர் லுட்விக் போர்க்கார்ட், சாஹுரே கோயிலின் தளத்துக்கு அடியில் செப்புக் குழாய் ஓடுவதைக் கண்டார். செப்புத் தகட்டைத் தட்டி, உருட்டிக் குழாயாக்கி, கல்லில் வெட்டிய வாய்க்காலுக்குள் பதித்து, மேலே பலகைக்கல் மூடியிருக்கிறார்கள். ஏறத்தாழ 380 மீட்டர் நீளம். சடங்குக்கான கல்தொட்டிகளின் உட்புறமும் செம்பு. அடியில் உள்ள துளையை அடைக்க ஈயத்தால் ஒரு மூடி. பூசை முடிந்ததும் மூடியை எடுத்தால் கழுவிய நீர் கோயிலுக்கு வெளியே போய்விடும். அன்றைக்குச் செம்பு சினாயிலிருந்து படை அனுப்பிக் கொண்டுவர வேண்டிய பொருள். அதைக் கொண்டு கழிவுநீர்க் குழாய் போட்ட அரசனைப் பிரமிடின் உயரத்தை வைத்துக் குறைத்து மதிப்பிடுவது நியாயமா?

சரி, பிரமிடுகள் ஏன் இப்படிச் சரிந்தன? கல்லைத் திருடியதால் என்பது பாதி விடைதான். கீசாவிலும் திருடினார்கள், அங்கே வெளித்தோல் போனபிறகும் உடம்பு நிமிர்ந்து நிற்கிறதே.

மீதி விடை நான்காவதான அந்த மணல்மேட்டில் இருந்தது. அது ரானெஃபரெஃப் என்ற இளம் அரசனின் முடியாத பிரமிடு. நெஃபரிர்காரேயின் மகன். பக்கத்துக்கு 65 மீட்டர் என்று அளந்து, முதல் படி மட்டும் ஏழு மீட்டர் அளவுக்கு எழும்பியபோது அரசன் இறந்துவிட்டான். அப்படியே மட்டம் செய்து, மேலே களிமண்ணும் பாலைவனச் சரளையும் பரப்பி, சதுரமான மேடையாக முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஆவணங்களே அதைப் பிரமிடு என்று சொல்லாமல் ‘மேடு’ என்றுதான் குறித்தன.

ஆகவே, பிரமிடின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்காமலே பார்க்கக் கிடைத்த இடம் இது. சுற்றி நாலு புறமும் பெரிய சுண்ணாம்புப் பாறைகளால் சட்டம் போல ஒரு சுவர். கல்லறைக்குழியைச் சுற்றி உள்ளே இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் உடைகல், மணல், களிமண், கைக்குக் கிடைத்ததெல்லாம். வெங்காயத் தோல் போல உட்சாய்ந்த சுவர்களை அடுக்கடுக்காகச் சேர்த்து எழுப்பியிருப்பார்கள் என்று முந்தைய ஆய்வாளர்களான லெப்சியஸும் போர்க்கார்டும் நம்பியிருந்தார்கள். இங்கே அப்படி எந்த அடுக்கும் இல்லை என்று செக் ஆய்வாளர் மிரோஸ்லாவ் வெர்னர் காட்டினார். தூரா கற்சுரங்கத்திலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் போர்வை இருக்கிறவரை இந்தக் கட்டுமானத்துக்குக் குறையில்லை. போர்வையை உரித்ததும் உள்ளிருந்த சரளை சரிந்து வெளியே வந்துவிட்டது. ஏமாற்று வேலை என்று இதைச் சொல்ல மாட்டேன். வேலையும் செலவும் மிச்சம் பிடித்து, மிச்சத்தைக் கோயிலில் போட்ட கணக்குதான்.

இனி நெஃபரிர்காரேவுக்கு வருவோம். அபுசிரில் எல்லாவற்றையும்விடப் பெரிய பிரமிடு இவனுடையது. முழுமையாகியிருந்தால் 72 மீட்டர், மென்காவ்ரேயை மிஞ்சியிருக்கும். முதலில் படிப்பிரமிடாகத் தொடங்கி, பிறகு மனம் மாறி, படிகளை நிரப்பி உண்மைப் பிரமிடாக்கினார்கள். கீழ்வரிசையில் செந்நிறக் கிரானைட் பதிக்கும் வேலை நடக்கும்போதே அரசன் போய்ச் சேர்ந்தான். மகன் ரானெஃபரெஃபும் சீக்கிரமே போனான். இன்னொரு மகன் நியூசெர்ரே பட்டத்துக்கு வந்தபோது அவன் தலையில் விழுந்தவை அப்பா, அம்மா, அண்ணன் மூவரின் முடியாத கல்லறைகள். அம்மா இரண்டாம் கென்ட்காவெஸின் பிரமிடு, கணவனுடைய பிரமிடுக்குத் தெற்கே ஒட்டினாற்போல இருக்கிறது. பக்கத்துக்கு 25 மீட்டர் அளவுள்ள சின்னது.

நியூசெர்ரே மூன்றையும் முடித்துவைத்தான். ஆனால் மலிவாக. அப்பாவின் ஈமக்கோயிலில் உட்பகுதிக்கு மட்டும் கல். மீதி பச்சைச் செங்கல்லும் மரத்தூணும். அப்பாவின் கோயிலுக்கு நைல் கரையிலிருந்து ஏறிவர வேண்டிய மூடுபாதை பாதிதூரம் வந்திருந்தது. அதை நடுவழியில் வளைத்துத் தன்னுடைய கோயிலுக்குத் திருப்பிக்கொண்டான். கரையில் அப்பாவுக்கென்று அடித்தளம் போட்ட கோயிலும் அவனுக்கே ஆயிற்று. குடும்பத்துக்குச் செய்த செலவுக்கு வட்டி எடுத்துக்கொண்டான் போல!

இந்தத் திருட்டுக்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும். வழக்கமாகக் கோயில் ஊழியர்கள் கீழே கரையோரம், பாதையின் தலைவாசலை ஒட்டிய குடியிருப்பில் இருப்பார்கள். பாதை பறிபோனதால் நெஃபரிர்காரேயின் பூசாரிகளுக்குக் கீழே இடமில்லை. மேலே, பாலைவன மேட்டில், கோயில் மதிலை ஒட்டியே மண் வீடு கட்டிக் குடியேறினார்கள். கணக்குச் சுருள்களும் அவர்களோடு மேலேயே தங்கின. கரையோரத்தில் இருந்தால் நைல் வெள்ளமும் ஈரமும் பாபிரஸை எப்போதோ கூழாக்கியிருக்கும். மேட்டு மணலில் ஈரம் ஏது?

1893இல் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் கையில் அந்தச் சுருள்கள் சிக்கின. துண்டு துண்டாகக் கிழிந்து, வியாபாரிகள் கைமாறி, கெய்ரோ, லண்டன், பாரிஸ், பெர்லின் என்று சிதறின. அவை எங்கிருந்து வந்தவை என்பதைப் போர்க்கார்ட் கண்டுபிடித்தார். பிறகு தானும் அங்கேயே தோண்டி மேலும் சில துண்டுகளை எடுத்தார். பிரெஞ்சு அறிஞர் போல் போசனெர்-க்ரியெகெர் என்ற பெண்மணி சிதறிய துண்டுகளைத் தேடிப் பொருத்தி, 1968இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து படிகளையும், 1976இல் மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் வெளியிட்டார். திருடர்கள் கையில் அகப்பட்ட எண்பத்து மூன்றாம் ஆண்டில்தான் உலகம் அதை முழுதாகப் படித்தது.

என்ன இருந்தது அதில்? அரசனின் வீரம், கடவுளின் துதி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். முழுக்க முழுக்க அலுவலகம். கறுப்பு மையிலும் சிவப்பு மையிலும் கோடு போட்டுக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் வர வேண்டியது, அடுத்ததில் வந்தது, அதற்கடுத்ததில் நிலுவை. ரொட்டி, பீர், இறைச்சி, துணி. எழுதியது பெரும்பாலும் பின்னாளில் ஆண்ட ஜெத்காரேயின் காலத்தில், அதாவது நெஃபரிர்காரே இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு.

முறைப் பட்டியலைப் பாருங்கள். ஊழியர்கள் ஐந்து அணி. ஒவ்வோர் அணியிலும் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஒரு மாதம் முறை. ஆக, பத்து மாதத்துக்கு ஒருமுறை ஒருவருக்குக் கோயில் வேலை. மற்ற நாளில் அவரவர் பிழைப்பு. யார் எந்த வாசலில் காவல், யார் இரவில் கூரைமேல் இருக்க வேண்டும், காலையிலும் மாலையிலும் யார் நீர் தெளித்தபடி பிரமிடைச் சுற்றிவர வேண்டும், யார் சிலைக்கு எண்ணெய் பூசி ஆடை உடுத்த வேண்டும் என்று ஆள்பெயரோடு எழுதியிருக்கிறது.

முறை மாறும்போது பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமே. அதற்கு ஒரு சாமான் பட்டியல். கத்தி, கிண்ணம், தொட்டி, பெட்டி என்று பொருள்வாரியாகப் பெயர். கீழே அதன் நிலைமை: விரிசல் விட்டது, ஓரம் சில்லு பெயர்ந்தது, ஒட்டுப்போட்டது. போன முறைக்காரன் உடைத்த பழி தன்மேல் வந்துவிடக் கூடாதே என்ற கவலை எழுதியவன் கையில் தெரிகிறது. செத்துப்போன அரசனுக்குத் தெய்வ ஊழியம் செய்கிறவன், ஒரு கிண்ணத்து விரிசலுக்கு இவ்வளவு பயந்திருக்கிறான். பிரமிடு என்றால் சவுக்கடி, அடிமைக் கூட்டம் என்று சினிமாவில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த முகம் புதிது.

1970களின் நடுவில் செக் குழு அபுசிரின் தென்பகுதியைக் கையிலெடுத்தது. பிராகிலிருந்து வந்த எகிப்தியவியலாளர்கள் 1960 முதலே இங்கே தோண்டிக்கொண்டிருந்தார்கள். தொடக்கம் ப்தாஹ்ஷெப்செஸ் என்ற அமைச்சரின் கல்லறை. அரசனுக்கு முடி திருத்துபவராகப் பணியைத் தொடங்கி, அரசன் மகளையே மணந்து, அரச குடும்பத்தைச் சேராதவர்களில் பழைய அரசுக் காலத்தின் மிகப் பெரிய கல்லறையைக் கட்டிக்கொண்டவர் அவர். அவரைப் பற்றித் தனியே எழுதலாம். இப்போது மேட்டுக்குத் திரும்புவோம்.

ரானெஃபரெஃபின் மேட்டைப் போர்க்கார்டும் தொட்டிருந்தார். வடக்கிலிருந்து நடுப்பகுதிக்கு ஓர் அகழி வெட்டிப் பார்த்தார். கல்லறைக்குப் போகும் வழி தட்டுப்படவில்லை. முடியாத பிரமிடு, உள்ளே யாரையும் புதைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் ஆழம் போயிருந்தால் வழி தெரிந்திருக்கும்.

வெர்னரின் ஆட்கள் மேட்டின் கிழக்கே தோண்டியபோது ஒரு முழுக் கோயில் எழுந்துவந்தது. பச்சைச் செங்கல். தாமரை மொட்டு வடிவ மரத்தூண்கள் தாங்கிய மண்டபம், சேமிப்பறைகள், 1980களில் இன்னொரு பாபிரஸ் குவியல், கூடவே அரசனின் சிலைகள். அவற்றில் ஒன்று இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சின்னச் சுண்ணாம்புக்கல் சிலை. அரசன் மார்போடு கதாயுதத்தை அணைத்து உட்கார்ந்திருக்கிறான். தலைக்குப் பின்னால் ஹோரஸ் பருந்து இறக்கை விரித்துக் காக்கிறது. இன்னும் பிள்ளைமுகம் மாறாதவன். கல்லறை அறையில் மம்மியின் சிதைவுகளும் கிடைத்தன. ஆராய்ந்தவர்கள் வயது 20க்கும் 23க்கும் இடையில் என்றார்கள்.

கோயிலை ஒட்டிக் கசாப்புக்கூடம் ஒன்றும் இருந்தது. ‘கத்தியின் இல்லம்’ என்று அதற்குப் பெயர். தரையில் விலங்கைக் கட்டும் கற்கள் அப்படியே இருந்தன. பத்து நாள் திருவிழா ஒன்றில் 130 காளைகளை வெட்டியதாகக் கோயில் ஏடு சொல்கிறது. இருபது வயதில் இறந்துபோய், மேடு மட்டுமே மிச்சமான ஓர் அரசனுக்கு! அந்த இறைச்சி பூசாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் பங்காகப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஈமக்கோயில் என்பது செத்தவருக்குப் படைத்து, இருப்பவருக்குப் படியளக்கிற நிறுவனம். அது ஓடிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல.

நியூசெர்ரேவுக்கும் மென்காவ்ஹோருக்கும் பிறகு வந்த ஜெத்காரே, தன் பிரமிடைத் தென் சக்காராவில் கட்டினான். சூரியக்கோயில் கட்டும் வழக்கத்தையும் அவன் விட்டுவிட்டான். அபுசிரின் கோயில்களில் பூசை மேலும் சில தலைமுறைகள் தொடர்ந்து, ஆறாம் வம்சத்தின் முடிவில் அடங்கியது. சாஹுரே கோயில் மட்டும் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு சிங்கமுகத் தெய்வம் செக்மெத்தின் தலமாக மறுபடி மக்களை இழுத்தது; அந்த மரியாதையும் அதைக் காளவாயிடமிருந்து காப்பாற்றவில்லை.

2011 புரட்சியின்போது காவல் இல்லாத மாதங்களில் திருடர்கள் மறுபடி அபுசிரில் இறங்கிக் குழிகள் பறித்தார்கள். நல்ல செய்தியும் உண்டு. 2019 முதல் முகமது இஸ்மாயில் காலெத் தலைமையில் ஓர் எகிப்திய-ஜெர்மன் குழு சாஹுரே பிரமிடின் உட்புறத்தைச் சீர்செய்து வருகிறது. பெர்ரிங் என்ற ஆங்கிலேயர் 1830களில் உள்ளே இடிபாடு அடைத்த ஒரு வழியைப் பார்த்து, அது சேமிப்பறைகளுக்குப் போகலாம் என்று ஊகித்திருந்தார். 2023இல் அந்த வழியைத் துப்புரவு செய்து போனபோது எட்டுச் சேமிப்பறைகள் இருந்தன. ஊகம் சரிதான்.

நெஃபரிர்காரேயின் கோயிலுக்குத் தினப்படி ரொட்டியும் பீரும் அனுப்பியது ‘செத்-இப்-ரா’ என்ற சூரியக்கோயில். எந்த நாளில் என்ன வந்தது, எது பாக்கி என்று ஏட்டில் இருக்கிறது. அந்தக் கோயில் எங்கே நின்றது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த பகுதியில் சக்காராவில் உனாஸின் பிரமிடு. அதுவும் வெளியே பார்த்தால் ஒரு கற்குவியல்தான். உள்ளே சுவர் முழுக்க எழுத்து. தயாராக வாருங்கள்.